முறத்தில் மிஞ்சிய போல்ட்

எதிர்வீட்டு அக்காவுக்கு எதையும் மறைவாகச் செய்யத் தெரியாது. தெரியாது என்று சொல்வதுகூடத் தப்பு, செய்ய மாட்டாள். "இதையெல்லாம் உள்ளே வைத்துச் செய்தால் என்ன?" என்று யாராவது வாய் தவறிக் கேட்டுவிட்டால் போதும். வாசலில் செய்துகொண்டிருந்த வேலையை இன்னும் நாலடி முன்னால் தள்ளி, ரோட்டு ஓரத்துக்கே கொண்டுவந்துவிடுவாள்.

அவள் பேரை எழுதினால் கோபிக்க மாட்டாள். "எம் பேரை என்னத்துக்கு மறைக்கே?" என்றுதான் கேட்பாள். ஆனாலும் நான் எழுதப்போவதில்லை. அந்தத் தெருவில் எல்லோரும் அவளை ஏதாவது ஒரு பேர் வைத்துத்தான் கூப்பிட்டார்கள், பாதிப் பேர் நல்லதில்லை. எனக்கு அவள் எதிர்வீட்டு அக்கா.

தெரு என்றா சொன்னேன்? சாந்தன்பாறைக்கு மேலே, ஏலக்காய்த் தோட்டங்களுக்கு நடுவில் போகும் ஒரு ரோடு, அதன் இரண்டு பக்கமும் தகரம் போட்ட வீடுகள், அவ்வளவுதான். நான் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பிறந்தவள். எங்கள் ஊரில் வெயில் காலத்தில் தரை வெடித்துக் கிடக்கும். கல்யாணமாகி இந்த மலைக்கு வந்த புதிதில் எனக்கு எல்லாமே ஈரமாக இருந்தது. துணி, தீப்பெட்டி, உப்பு, மனசு எல்லாம். என் வீட்டுக்காரர், தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு போகும் ஜீப் ஓட்டினார். நானும் அதே தோட்டத்துக்குத்தான் காய் எடுக்கப் போனேன். டிரைவர் பெண்டாட்டி என்பதால் முன் சீட்டில் எனக்கென்று இடம் இருந்தது.

அக்காவிடம் முதன்முதலில் பேசியது மோர் உறை கேட்கப் போனபோது. வாசலில் நின்று, "ஏனுங்க அக்கா, ஊட்டுல இருக்கறீங்களா? துளி ஒறை மோர் கெடைக்குங்களா?" என்றேன். உள்ளே இருந்து வந்தவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏட்டி, ஒரு கரண்டி மோருக்கு இத்தனை 'ங்க'வா? எனக்குக் காது கூசுது. மோர் தாரேன், 'ங்க'வைத் திருப்பி எடுத்துக்கிட்டுப் போ."

எனக்கு முகம் சுருங்கிப்போனது. ஆனால் அவள் கொடுத்தது ஒரு கரண்டி இல்லை, ஒரு சொம்பு. அன்றிலிருந்து நான் 'ங்க' போட்டதற்கெல்லாம் அவள் சிரித்தாள். நானும் விடவில்லை. எங்கள் ஊர்ப் பேச்சு, அதை எதற்கு நான் விட வேண்டும்?

அவள் புருஷன் போனது அடுத்த கோடையில். அது எங்களுக்கெல்லாம் எப்படித் தெரிந்தது என்பதைச் சொன்னாலே அவளைப் பாதி சொன்ன மாதிரி. காலையில் பஞ்சாயத்துக் குழாயில் தண்ணீர் வரும் நேரம். குடமும் வாளியுமாகத் தெருவே நிற்கிறது. அக்கா வெறுங்கையோடு வந்தாள். குழாய் மேடையில் ஏறி நின்றாள்.

"இந்தா, எல்லாரும் கேட்டுக்கிடுங்க. எம் புருசன் நேத்து போடி பஸ்ஸுல ஏறிப் போயிட்டாரு. தனியாப் போகல. திரும்பி வார மாதிரியும் போகல. கேக்க வேண்டியதை என்கிட்டயே கேளுங்க. பொறத்தால பேசுனா தப்புத்தப்பாப் பேசுவீங்க, உங்களுக்கு வெவரம் பத்தாது."

குடங்கள் நிரம்பி வழிந்தன. அவள் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, கடைசியில் ஒன்று சேர்த்துக்கொண்டாள்.

"ஓடாத ரெண்டையும் விட்டுட்டுப் போயிருக்காரு. ஒண்ணு நான், இன்னொண்ணு அந்த வண்டி."

வண்டி என்றால் பெரிய வண்டி இல்லை. பெட்ரோலோடு ஆயிலையும் கலந்து ஊற்ற வேண்டிய, மிதித்து ஸ்டார்ட் செய்கிற சின்ன பைக். அந்த மனுஷன் அவசரத்தில் ஒருநாள் ஆயில் கலக்காமல் ஓட்டி, ஏற்றத்தில் இன்ஜின் இறுகிப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அது வீட்டுப் பக்கச் சுவரில் படுதா மூடிச் சாய்ந்து நின்றது. அக்கா அதைத் திரும்பிப் பார்த்ததே இல்லை, ஜீப்பில் அந்தச் சண்டை வரும் வரை.

ஜீப்பைப் பற்றி நான்தான் சொல்ல வேண்டும். உள்ளே நெருக்கிப் பிடித்து உட்காருவார்கள். மடியில் ஆள் உட்காரும். அதற்கும் மேலே மூன்று பேர் பின்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு படியில் தொங்கிக்கொண்டு வருவார்கள். பாதிப் பாதியாக ஏற்றி இரண்டு நடை அடிக்கலாம், இரண்டாவது நடைக்கு டீசல் யார் கொடுப்பார் என்று என் வீட்டுக்காரர் கேட்பார். எல்லா ஜீப்பும் அப்படித்தானே போகிறது என்பார். அதுவும் பொய்யில்லை. அந்த ரோட்டில் எல்லா ஜீப்பும் அப்படித்தான் போகும்.

மழை தொடங்குவதற்கு முன்னால் ஒருநாள், கொண்டை ஊசி வளைவில் வண்டி திரும்பும்போது பின்னால் தொங்கியவர்களில் ஒருத்திக்குக் கை வழுக்கிவிட்டது. நல்லவேளை, ஏறிக்கொண்டிருந்த வண்டி. ரோட்டில் விழுந்து முழங்கை தேய்ந்ததோடு போயிற்று. என் வீட்டுக்காரர் தலையை வெளியே நீட்டி, "கெட்டியாப் பிடிக்கத் தெரியாதவ எல்லாம் எதுக்குத் தொங்குற?" என்றார்.

உள்ளே உட்கார்ந்திருந்த அக்கா இறங்கினாள். விழுந்தவளைத் தூக்கித் தன் இடத்தில் உட்காரவைத்தாள். பிறகு டிரைவர் பக்கம் வந்து நின்றாள்.

"தம்பி, தொங்குதவளுக்குப் பிடிக்கத் தெரியலையா, ஓட்டுதவனுக்கு எண்ணத் தெரியலையா?"

"இஷ்டம்னா ஏறுங்க. இல்லாட்டி நடந்தே போங்க."

"நடந்தே போறேன். ஆள் தொங்குத வரைக்கும் உன் வண்டியில என் கால் படாது."

நடந்தே போனாள். அன்றைக்கு மட்டுமில்லை, அதன் பிறகு தினமும். தோட்டம் கிட்டத்திலா இருக்கிறது? விடியும் முன்னே கிளம்பினாலும் அட்டைக்கடி வாங்கிக்கொண்டு போய்ச் சேரும்போது நேரம் தாண்டியிருக்கும். சில நாள் சூப்பர்வைசர் உள்ளே விடுவார், சில நாள் திருப்பி அனுப்புவார். மற்ற ஜீப்காரர்களும் அவளை ஏற்றவில்லை. ஒருத்தரோடு மோதினால் எல்லோரோடும் மோதின மாதிரி, அவர்களுக்குள் அப்படி ஒரு கட்டு. கடைசியில் சூப்பர்வைசர் தெளிவாகச் சொல்லிவிட்டார். இப்போது களை வெட்டுகிற நேரம், போகட்டும். காய் எடுப்பு தொடங்குகிற அன்றைக்கு நேரத்துக்கு வராவிட்டால் கூலிப் பதிவேடான செக்ரோலில் அவள் பேர் இருக்காது.

அந்தப் பேர் போனால் அவளுக்கு வேறு வேலை இல்லை. அது எல்லோருக்கும் தெரியும். போய் டிரைவரிடம் ஒரு வார்த்தை தணிந்து பேசு என்று ஆளாளுக்குப் புத்தி சொன்னார்கள். அவள் படுதாவை எடுத்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு ஜங்ஷன் வர்க்‌ஷாப்புக்குப் போனாள்.

அந்த மெக்கானிக் கெட்டவர் இல்லை. ஆனால் அவருக்குச் சோறு போடுவது ஜீப்புகள். "சேச்சி, நாளெ வா," என்பார். நாளைக்குப் போனாலும் அதேதான். வண்டி இருந்த இடத்தில் இருக்கும், அதன் மேல் யாரோ பழைய டயரைப் போட்டிருப்பார்கள். மழை வலுத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா டயரைத் தூக்கி எறிந்துவிட்டு வண்டியைத் திரும்பத் தள்ளிக்கொண்டு வந்தாள். மாதா கோயில் பூசைக்குக் கட்டிப் போன வெள்ளைச் சேலை, முழங்கால் வரைக்கும் சேறு.

"தொடாத கையில என்னத்துக்கு விட்டு வைக்கணும்? எனக்கும் ரெண்டு கை இருக்கு," என்றாள். எங்கள் வாசலைப் பார்த்துத்தான் சொன்னாள். என் வீட்டுக்காரர் அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மறு ஞாயிறு அவள் வீட்டுத் தகரத் தாழ்வாரம் வர்க்‌ஷாப் ஆகிவிட்டது. கீழே சாக்கு விரித்து, வண்டியில் இருந்து இன்ஜினைக் கழற்றி அதன் மேல் வைத்தாள். சுவரில் சாய்த்து வைத்த போனில் ஒருத்தன் மலையாளத்தில் இன்ஜின் பிரிப்பது எப்படி என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவன் மலையாளத்தில் சொல்ல, இவள் தமிழில் திட்டுவாள்.

"எங்கல மாயமாப் போச்சு அந்த நட்டு? இப்பத்தான் இருந்துச்சு, இப்ப இல்ல. கழத்துனதைக் காட்டாம விட்டுட்டான் பாரு, களவாணி!"

பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப்போய் வரவே இல்லை. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறப் போட்டாள். தினமும் வேலை முடிந்து வந்ததும் உலக்கைக்கட்டையால் ஒரு தட்டு. அது அசைந்த அன்று தெருவுக்கே கேட்கும்படி ஒரு கூச்சல் போட்டாள், யாருக்கோ குழந்தை பிறந்துவிட்டது என்று நினைத்து நாங்கள் ஓடிவந்தோம். உள்ளே கரி அடையாய் அப்பியிருந்தது. வெளிப்பக்கம் சேறும் ஆயிலும் காய்ந்து, எது இரும்பு எது அழுக்கு என்று தெரியாத நிலை.

தெருவுக்கு அது சினிமா கொட்டகை மாதிரி ஆகிவிட்டது. ஆண்கள் நின்று பார்த்துச் சிரிப்பார்கள். "இன்ஜினைக் குழம்பு வைக்கப் போறியா?" என்று ஒருவர் கேட்டார். "வச்சா உனக்கும் ஒரு கரண்டி தாரேன், சத்தம் போடாம ஓடுவே," என்றாள். கோயில் உபதேசியார் குடையோடு வந்து நின்று, ஓய்வு நாளில் இப்படிச் செய்யலாமா, செய்தாலும் உள்ளே வைத்துச் செய்யக் கூடாதா என்றார். "உள்ள வச்சா கர்த்தருக்குத் தெரியாதாக்கும்?" என்று கேட்டாள். அவர் போய்விட்டார். சாக்கு நாலடி முன்னால் வந்தது.

அந்த வீட்டுப் பக்கம் போகக் கூடாது என்று என் வீட்டுக்காரர் என்னிடம் சொன்னார். நான் சரியென்று தலையாட்டினேன். போகவில்லை. எங்கள் வாசல்படியில் உட்கார்ந்து, ரோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தே பேசினேன். போகக் கூடாது என்றுதானே சொன்னார், பேசக் கூடாது என்று சொல்லவில்லையே.

"என்னக்கா, இன்னைக்கு என்ன கழட்டறீங்க?" என்று கத்துவேன்.

"அப்படித்தாம்ட்டி! நல்லாச் சத்தமாப் பேசு!" என்று அவளும் கத்துவாள். இரண்டு பேரும் பேசுவது ஜங்ஷன் வரை கேட்டிருக்கும்.

இதுவரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போனது. ஆனால் அவள் ஒரு தப்புச் செய்தாள். ஏலக்காய்க்காரி மட்டுமே செய்யக்கூடிய தப்பு.

மழைக்காலம் தவிர்த்த மாதங்களில் அக்காவுக்குத் தோட்டத்து ஸ்டோரில் வேலை. காய்ந்த காயைச் சல்லடையில் போட்டுத் தரம் பிரிப்பது. எட்டு மில்லிமீட்டருக்கு மேல் ஒரு குவியல், அதற்குக் கீழே ஒன்று, இன்னும் சின்னது ஒன்று. அந்த வேலையில் அவளை அடிக்க ஆள் கிடையாது, சல்லடை இல்லாமலே விரல் நுனியில் பிரிப்பாள். இன்ஜினில் இருந்து வந்த நட்டையும் போல்ட்டையும் முறத்தில் போட்டவள், மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, பழகின கை அதன் வேலையைப் பார்த்துவிட்டது. தடித்தது ஒரு குவியல், நடுவாந்தரம் ஒரு குவியல், சின்னது ஒரு குவியல். பார்க்க அழகாக இருந்தது. எது எந்த ஓட்டையில் இருந்து வந்தது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

மாட்டத் தொடங்கிய அன்றுதான் அவளுக்கு அது உறைத்தது. முறத்தைப் பார்த்தாள், இன்ஜினைப் பார்த்தாள். தெருவில் நின்றவர்களுக்கு இன்னும் விஷயம் தெரியாது. பேசாமல் மூடி வைத்துவிட்டுப் போயிருக்கலாம். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். அவள் முறத்தோடு எழுந்து ரோட்டுக்கு வந்தாள்.

"இந்தா, எல்லாரும் பாத்துக்கிடுங்க. போல்ட்டையெல்லாம் ஏலக்காய் மாதிரி தரம் பிரிச்சுட்டேன். எது எங்க போவும்னு எனக்குத் தெரியல. சிரிக்கதுன்னா இப்பவே சிரிச்சு முடிங்க, எனக்கு வேலை கெடக்கு."

சிரித்தார்கள். எங்கள் ஜீப் பானெட்டில் சாய்ந்திருந்த என் வீட்டுக்காரர் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்து முறுக்கினாள். நீளமான போல்ட் ஆழமில்லாத ஓட்டைக்குள் போய் முட்ட, இறுக்கின இறுக்கில் இன்ஜின் மூடியில் போல்ட் போகிற காதின் ஓரம் டக்கென்று உடைந்தது. உடைந்த துண்டை உள்ளங்கையில் வைத்து அதையும் எல்லோருக்கும் காட்டினாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள். மழை தாழ்வாரத்தில் இருந்து சாக்கில் சொட்டிக்கொண்டிருந்தது. காய் பழுக்கத் தொடங்கிவிட்டது என்று தோட்டத்தில் பேச்சு வந்த வாரம் அது.

அடுத்த நாள் வேலை முடிந்து வந்தவள் விளக்குமாற்றில் இருந்து ஈர்க்குச்சிகளை உருவினாள். ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் ஒரு குச்சியை விட்டு, எதுவரை போகிறதோ அங்கே நகத்தால் கீறினாள். கீறிய குச்சியை அந்தந்த ஓட்டையிலேயே நட்டு வைத்தாள். இன்ஜின் முள்ளம்பன்றி மாதிரி நின்றது. பிறகு ஒவ்வொரு குச்சியாக உருவி, அதன் பக்கத்தில் போல்ட்டை வைத்து நீளம் பார்த்துப் பார்த்துச் சேர்த்தாள். சிலது சேர்ந்தது, சிலதை மாட்டிக் கழற்றி மறுபடி மாட்டினாள். விரலெல்லாம் வெட்டு. நான் எங்கள் படியில் உட்கார்ந்து, "அந்தக் குட்டையானத இந்தப் பக்கம் வெச்சுப் பாருங்கக்கா," என்று எனக்குத் தெரியாததையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளும் சலிக்காமல் வைத்துப் பார்த்தாள்.

எல்லா ஓட்டையும் நிறைந்தது. முறத்தில் ஒரு போல்ட் மிஞ்சியது.

"இது யாரு பெத்த பிள்ளைன்னு தெரியலையே," என்று அதைத் தூக்கிப் பார்த்தாள். "கெடக்கட்டும்."

அதற்குப் பிறகும் அவள் சும்மா இருக்கவில்லை. போடிக்குப் போய் வாங்கி வந்த புது பிஸ்டன் ரிங்கெல்லாம் உள்ளே போய்விட்டது, இனி வண்டியில் ஏற்ற வேண்டியதுதான் பாக்கி. ஆனால் அவள் உப்புத்தாளை எடுத்து வெளி மூடியை மட்டும் திரும்பக் கழற்றித் தேய்க்க உட்கார்ந்துவிட்டாள். தேய்த்து முடித்து, கோயில் குத்துவிளக்குக்குப் போடும் பாலீஷைப் போட்டு மறுபடி தேய்த்தாள். கறுத்துக் கிடந்த அலுமினியம் வெளுத்தது, பிறகு மினுங்கியது, கடைசியில் முகம் தெரிந்தது. உடைந்த காதுப் பக்கத்தையும் விடவில்லை.

"ஓடுமான்னே தெரியல. இதுக்கு எதுக்குங்கக்கா இத்தனை மினுக்கு?" என்று கேட்டேன்.

"ஓடலைன்னா என்னட்டி? ஓடாமலே மினுங்கட்டும். அழுது வடிஞ்சுக்கிட்டு நின்னா விட்டுட்டுப் போனவனுக்குச் சந்தோசமாப் போயிரும்லா?"

மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்த காலையில் அந்த மூடியைச் சுவரில் சாய்த்து வைத்தாள். ஜீப்பைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் கண்ணில் வெளிச்சம் அடித்தது. கையால் மறைத்தார், தலையைச் சாய்த்தார், அந்தப் பக்கம் நகர்ந்தார். அக்கா எழுந்து மூடியை ஒரு சாண் திருப்பி வைத்தாள். வெளிச்சம் அவர் பின்னாலேயே போனது. நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே ஓடினேன்.

காய் எடுப்பு தொடங்கும் நாள் வந்தது. தூறல், மூடுபனி. எங்கள் ஜீப் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது, எதிரே அக்கா வண்டியை மிதித்துக்கொண்டிருந்தாள். மிதிக்கிறாள், புஸ் என்கிறது. மிதிக்கிறாள், புஸ். முன் சீட்டில் நான் உள்ளங்கையை நகத்தால் குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக்காரர் வேண்டுமென்றே ஒரு ஹாரன் கொடுத்தார். அந்த ஹாரன் முடியவும் வண்டி உறுமவும் சரியாக இருந்தது. தெரு முழுக்க வெள்ளைப் புகை. புகைக்குள் இருந்து தலையில் பிளாஸ்டிக் சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு அக்கா வெளியே வந்தாள். எங்களைத் திரும்பிப் பார்க்காமல் ஏறிப் போய்விட்டாள்.

ஏற்றத்தில் அவளைப் பிடித்துவிட்டோம். அந்தச் சின்ன இன்ஜின் முக்கி முனகிக்கொண்டு, மனுஷன் வேகமாக நடக்கிற வேகத்தில்தான் போனது. ரோடு ஒரு வண்டி அகலம். என் வீட்டுக்காரர் ஹாரன் அடித்தார். அவள் நடு ரோட்டை விட்டு ஓரம் போகவில்லை. அடித்துக்கொண்டே இருந்தார். அவள் சேலை முந்தியை இழுத்துச் செருகிக்கொண்டு அதே வேகத்தில் போனாள். தோட்டத்துக்கே ராஜா மாதிரி ஓட்டிய ஜீப், முதல் கியரில் அவள் பின்னால் ஊர்ந்தது. உள்ளே ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அப்புறம் இன்னொருத்தி. பின்னால் இருந்து யாரோ ஒரு குலவை போட்டாள், உடனே உள்ளே இருந்தவர்கள் எல்லாம் சேர்ந்துகொண்டார்கள். என் வீட்டுக்காரர் காது சிவந்துபோனது.

கொண்டை ஊசி வளைவு வந்தது. அங்கே அக்கா வண்டியை நிறுத்தினாள். ரோட்டுக்குக் குறுக்கே. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, காலை ஊன்றிக்கொண்டு எங்கள் ஜீப்பின் பின்பக்கத்தைப் பார்த்தாள். முன்பு விழுந்தவளும் அன்றைக்கு அந்தப் படியில்தான் தொங்கிக்கொண்டிருந்தாள்.

"தொங்குதவங்க இறங்குங்க. நான் கொண்டுபோய் விடுதேன்."

"மணி ஆகுது! வழி விடுங்க!" என்று என் வீட்டுக்காரர் கத்தினார். "லேட்டானா உங்க பேருதான் போகும்!"

"போகட்டும்."

அவளுக்கு அது தெரியாமல் இல்லை. அத்தனை பேரில் அன்றைக்கு நேரத்துக்குப் போயே ஆக வேண்டியவள் அவள் ஒருத்திதான். நேரே போயிருந்தால் இன்னும் கொஞ்ச தூரம், வேலை அவளுடையது. அவள் அந்த வளைவில் நின்றுகொண்டிருந்தாள்.

ஜீப்பில் யாரும் அசையவில்லை. டிரைவரைப் பகைத்தால் நாளைக்கு எதில் வருவது? எனக்கு அவர்களைத் தெரியும், அவர்கள் பயமும் தெரியும். நான் கதவைத் திறந்து இறங்கினேன்.

"எங்க போற? ஏறு," என்றார் என் வீட்டுக்காரர்.

"அவுங்கள்ல ஒருத்தரை என்ற சீட்டுல உக்கார வெச்சுக்குங்க. நான் நடந்தே வாரனுங்க," என்றேன்.

கல்யாணமாகி அவரை எதிர்த்து நான் சொன்ன முதல் வார்த்தை அதுதான். அதிலும் ஒரு 'ங்க' இருந்தது. சொன்ன பிறகு நெஞ்சு நிறைய மூச்சு விட்டேன். முழங்கை தேய்ந்தவள் படியில் இருந்து இறங்கி வந்து என் சீட்டில் உட்கார்ந்தாள். இன்னொருத்தி அக்காவுக்குப் பின்னால் ஏறினாள். மூன்றாவதாகத் தொங்கியவளும் நானும் நடந்தோம். ஜீப் எங்களைத் தாண்டிப் போனது. படியில் ஒருத்தரும் இல்லாமல் அதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அக்கா ஒருத்தியை விட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். என்னோடு நடந்தவளை ஏற்றிப் போனாள். மறுபடி எனக்காக வந்தாள். நாங்கள் இரண்டு பேரும் தோட்டத்து கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது நேரம் எப்போதோ தாண்டியிருந்தது. ஆனால் கேட்டுக்கு முன்னால் அத்தனை பெண்களும் நின்றுகொண்டிருந்தார்கள். கூடையை இடுப்பில் கட்டியிருந்தார்கள். ஒருத்தியும் உள்ளே போகவில்லை.

சூப்பர்வைசர் செக்ரோலும் பேனாவுமாக நின்றார். அக்கா வண்டியை அணைத்துவிட்டு நேரே அவரிடம் போனாள்.

"லேட்டுக்கு நான்தான் காரணம். வளைவுல ஜீப்பை நிறுத்துனதும் நான்தான். பேரை வெட்டணும்னா என் பேரை மட்டும் வெட்டுங்க. ஆனா எனக்குப் பின்னால வெட்டாதீங்க, எம் முன்னால வெட்டுங்க. நான் பாக்கணும்."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு நின்றுகொண்டிருந்த எங்களைப் பார்த்தார். சரிவு முழுக்கக் காய் பழுத்துக் கிடந்தது, எடுக்கக் கை வேண்டும். பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

"போ. போய்க் கூடையை எடு."

அன்றைக்குக் காய் எடுத்த மாதிரி என்றைக்கும் எடுத்ததில்லை. எல்லோரும் ஒரே பேச்சும் சிரிப்பும்தான்.

சாயங்காலம் நான் அக்காவின் பின்னால் உட்கார்ந்துதான் வீட்டுக்கு வந்தேன். இறக்கத்தில் வண்டி கடகடவென்று ஒரு சத்தம் போட்டுக்கொண்டே வந்தது. அவள் வாசலில் நிறுத்திக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது ஜீப் வந்து நின்றது. பெண்கள் இறங்கினார்கள். என் வீட்டுக்காரர் வீட்டுக்குப் போகாமல் ரோட்டைத் தாண்டி வந்தார். என்னை அவர் பார்க்கவில்லை. வண்டியைத்தான் பார்த்தார்.

"சத்தம் சரியில்ல. ஒரு போல்ட் இல்லாம ஓடுது," என்றார்.

"தெரியும். முறத்துல கெடக்கு."

"எடுங்க, மாட்டித் தர்றேன்."

"வேண்டாம். எங்கன்னு சொல்லு, போதும்."

அவர் குனிந்து, சைலன்சரைச் சட்டத்தோடு சேர்க்கிற இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். இன்ஜினின் ஓட்டைக்கெல்லாம் குச்சி விட்டுப் பார்த்தவள், அங்கே ஒரு ஓட்டை இருப்பதை நினைக்கவில்லை. அக்கா முறத்தில் இருந்து அந்தப் போல்ட்டை எடுத்து வந்தாள். தரையில் உட்கார்ந்து, மாட்டி, தன் கையாலேயே இறுக்கினாள். அவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கிய பெண்களும் வீட்டுக்குப் போகாமல் நின்றார்கள்.

ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"தம்பி, நாளைக்கு ரெண்டு நடை அடிப்பியா?"

அவர் சட்டையில் இல்லாத அழுக்கைத் தட்டினார். "அடிக்கிறேன்," என்று வாய்க்குள் சொன்னார்.

"எனக்குக் கேட்டுருச்சு. அவங்களுக்கும் கேக்கணும். சத்தமாச் சொல்லு."

அவர் திரும்பி அந்தப் பெண்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொள்ளவில்லை.

"நாளையில இருந்து ரெண்டு நடை," என்று சத்தமாகச் சொன்னார். தெரு முழுக்கக் கேட்டது.